பழைய கணினியின் உள் வயரிங்: சுவிட்சைப் போடுவதற்கு முன் சில கேள்விகள்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வெளிவந்த கணினிகளை மீட்டெடுக்க முனைவோர் அனுப்பிய கேள்விகளில் வயரிங் தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு மின்சாரமே கொடுக்காமல் விடை கண்டுவிடலாம்.

பல ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்த கணினி. ஒரு முறை சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஓடவில்லை என்றால் மட்டும் திறக்கலாமா?

வேண்டாம், முதலில் திறந்து பாருங்கள். அக்காலத்துப் பவர் சப்ளைகள் பலவற்றில் மின்வழங்கல் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்டுவதற்காக, காகிதத்தாலான மின்தேக்கி (கெபாசிட்டர்) ஒன்று குறுக்கே இணைக்கப்பட்டிருக்கும். ஒளி ஊடுருவும் மஞ்சள் நிறப் பிசின் உறை கொண்ட இவ்வகை மின்தேக்கிகளில் காலப்போக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுகின்றன. அவற்றின் வழியே காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் அது வெடித்து அறை முழுவதும் புகையை நிரப்பிவிடுகிறது. கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நிகழும் என்பதால், ஓடவில்லை என்றால் மட்டும் திறப்பது என்ற கணக்கு இங்கே உதவாது. வெடிப்பு கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் அவ்வகை மின்தேக்கியை மாற்றிவிடுவதே என் வழக்கம்.

திறந்ததும் எதையும் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கனெக்டரையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எந்தப் பக்கமாக வளைந்து சென்றது என்பது அரை மணி நேரத்தில் மறந்துவிடும்.

பிளக்கை உருவிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் அல்லவா?

இல்லை. ஸ்விட்சிங் வகைப் பவர் சப்ளையில் 230 வோல்ட் ஏசி நேரடியாக டிசியாக மாற்றப்படும்போது, அதன் பெரிய மின்தேக்கிகளில் சுமார் 325 வோல்ட் ஏறி நிற்கும். அந்த மின்னூட்டத்தை வடித்துவிடுவதற்கென்று இணையாக ஒரு மின்தடை (ரெசிஸ்டர்) வைத்திருப்பார்கள்; ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மின்தடை அறுந்துபோயிருந்தால் அதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. ஆகவே காத்திருப்பது மட்டும் போதாது, அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்கு முன் மல்டிமீட்டரை, மின்னழுத்தம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அளந்து முடித்த பிறகும் மறுபடி பாருங்கள். மீட்டரின் பேட்டரி தீர்ந்திருந்தாலும், அதன் முனை ஒயர் உள்ளே அறுந்திருந்தாலும் திரையில் பூஜ்யமே தெரியக்கூடும்.

மின்னூட்டம் மீந்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் முனைகளைக் குறுக்கே தொட்டுத் தீர்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முனை உருகும், தீப்பொறி கண்ணில் தெறிக்கும், மின்தேக்கியும் கெடும். காப்பிட்ட பிடிகள் பொருத்திய 10 கிலோ ஓம், 10 வாட் மின்தடை ஒன்று போதும். 220 மைக்ரோஃபேரட் மின்தேக்கியை அது பதினொரு விநாடிகளில் இரண்டு, மூன்று வோல்ட் அளவுக்கு இறக்கிவிடும். அதன் பிறகும் ஒரு முறை அளந்துவிட்டே கையை உள்ளே விடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த கணினி. கறுப்பு ஒயரை எர்த் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தாய்ப்பலகைக்குச் செல்லும் குறைந்த மின்னழுத்தப் பகுதியில் கறுப்பு பெரும்பாலும் பூஜ்ய வோல்ட்டையே குறிக்கும். மின்வழங்கல் பகுதியில் அதே கறுப்பு, அமெரிக்க முறையில் ஃபேஸ். பழைய பிரிட்டிஷ் முறையிலோ நியூட்ரல். ஒரே பெட்டிக்குள் ஒரே நிறம் இரு வேறு பொருளில் வரக்கூடும் என்பதால் நிறத்தை நம்பாமல், பிளக்கின் முனையிலிருந்து ஒவ்வொரு ஒயரையும் மீட்டரால் தொடர்ந்து சென்று உறுதிசெய்யுங்கள். முன்பு யாரோ பிளக்கை மாற்றியிருக்கும் கணினிகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது மிகச் சாதாரணம். அப்போது ஃபியூஸும் ஒற்றை முனைச் சுவிட்சும் நியூட்ரலில் அமர்ந்துவிடும், சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே ஃபேஸ் உயிரோடு இருக்கும்.

பின்புறத்தில் 115/230 தெரிவுச் சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். 115 நிலையில் உள்ளே மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் சுற்று இயங்கும். அந்த நிலையில் 230 வோல்ட் கொடுத்தால் மின்தேக்கிகள் மீது வழக்கமாக ஏறுவதைப் போல இரு மடங்கு மின்னழுத்தம் ஏறும்.

எல்லா ஒயர்களிலும் மீட்டர் 'பீப்' ஒலிக்கிறது. வயரிங் சரி என்று முடிவு செய்யலாமா?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். பல மீட்டர்களில் சில பத்து ஓம்களுக்குக் கீழே எந்த மின்தடை இருந்தாலும் பீப் ஒலிக்கும். பல இழை ஒயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் ஒலிக்கும். ஆனால் 5 வோல்ட் பாதையில் 2 ஆம்பியர் பாயும்போது, ஒரு கனெக்டர் முனையில் 0.2 ஓம் மின்தடை இருந்தாலே 0.4 வோல்ட் அங்கே கரைந்துவிடும். தாய்ப்பலகைக்குச் சேர்வது 4.6 வோல்ட்தான். அக்காலத்தில் பரவலாக இருந்த டிடிஎல் வகைத் தர்க்கச் சில்லுகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை தேவை. கணினி சில சமயம் ஓடும், சில சமயம் ஓடாது. உரிமையாளர் சில்லுகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பார். அந்த முனையில் வீணாகும் 0.8 வாட் முழுவதும் வெப்பமாகிறது. எனவே பூதக்கண்ணாடியால் கனெக்டரின் பிளாஸ்டிக்கைப் பாருங்கள்: மற்றவை வெள்ளையாக இருக்க, ஒரே ஒரு குழியின் விளிம்பில் மட்டும் பழுப்பு வளையம் படர்ந்திருந்தால் அதுதான் நீங்கள் தேடும் இடம்.

பீப் ஒலியை விட்டுவிட்டு ஓம் நிலையில் அளவிடுங்கள். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒயரை மெதுவாக அசைத்து, எண் தாவுகிறதா என்று பாருங்கள். ஒயர் நடுவில் அறுவது அபூர்வம். பெட்டிக்குள் நுழையும் வளைவிலும், கனெக்டருக்குள் அழுத்திப் பொருத்தப்பட்ட கழுத்திலுமே அறுகிறது. பிளக்கின் எர்த் முனைக்கும் வண்ணம் பூசாத உலோகச் சட்டகத்துக்கும் இடையே அரை ஓமுக்குள் வர வேண்டும்.

காப்புச் சோதனைக்கு மெகர் (உயர் மின்னழுத்தம் கொடுத்துக் காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) பயன்படுத்தலாமா?

பவர் சப்ளையைத் தாய்ப்பலகையிலிருந்து முற்றிலும் பிரித்த பிறகு, ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக இணைத்து, அவற்றுக்கும் எர்த்துக்கும் இடையே மட்டும் அளக்கலாம். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மின்சாரம் கொடுக்காதீர்கள். சில்லுகள் உள்ள பக்கத்தில் மெகரை ஒருபோதும் வைக்கக் கூடாது.

ஐபிஎம் பிசியின் இரண்டு பவர் கனெக்டர்களும் ஒரே மாதிரி இருக்கின்றன. எது எங்கே?

1981-இல் வந்த அந்தக் கணினியில் பி8, பி9 என்று இரண்டு கனெக்டர்கள் உள்ளன. இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் அருகருகே வருமாறு செருக வேண்டும். மாற்றிச் செருகினால் தாய்ப்பலகை போய்விடும். சரியாகச் செருகியும் விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுவிட்டால், பவர் சப்ளையைக் குறை சொல்வதற்கு முன் 12 வோல்ட் பாதைக்கும் பூஜ்யத்துக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். தாண்டலம் மின்தேக்கி ஒன்று ஷார்ட் ஆகியிருப்பதே வழக்கமான காரணம்.

பவர் சப்ளையைத் தனியாகச் சோதிப்பது எப்படி?

கணினியிலிருந்து கழற்றிவிட்டு, அதன் சுமையை ஒத்த மின்தடையைப் பொருத்திச் சோதியுங்கள். சுமை இல்லாமல் பல ஸ்விட்சிங் சப்ளைகள் தொடங்கவே தொடங்காது. 5 வோல்ட்டுக்கு 2.5 ஓம், 25 வாட் மின்தடையும், 12 வோல்ட்டுக்குக் கார் விளக்கு ஒன்றும் போதுமானவை. மின்வழங்கல் பாதையில் 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக்கொண்டால், உள்ளே ஷார்ட் இருக்கும்போது பல்பு பிரகாசமாக எரிந்து மற்றவற்றைக் காப்பாற்றும். ஆஸிலாஸ்கோப் (மின்னழுத்த அலையைத் திரையில் காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் அதன் பூமிக் கவ்வியை மின்வழங்கல் பக்கத்தில் மாட்டவே கூடாது. அந்தக் கவ்வி எர்த்துடன் இணைந்திருப்பதால் அது நேரடி ஷார்ட் ஆகிவிடும்.

கமோடோர் 64 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அதன் வெளிப்புறப் பவர் சப்ளையில் 5 வோல்ட் சீராக்கி (ரெகுலேட்டர்) பழுதடைந்தால் மின்னழுத்தம் குறைவதற்குப் பதிலாக உயர்ந்து, நினைவகச் சில்லுகளை எரித்துவிடும். பல சப்ளைகளின் உட்புறம் பிசினால் நிரப்பப்பட்டிருப்பதால் பழுது பார்க்கவும் இயலாது. 5 ஓம் சுமையுடன் அரை மணி நேரம் சூடாகவிட்டு அளந்து, 5.25-ஐத் தாண்டினால் ஒதுக்கிவிடுங்கள். அசல் பொருள் என்ற பற்றுக்காக அதைத் தொடர்ந்து பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆல்டேர் 8800 கணினியின் பஸ்ஸில் (பலகைகளை இணைக்கும் பொதுப் பாதையில்) 8 வோல்ட்தானே இருக்கிறது, ஓடும்போதே ஒயர்களைத் தொட்டுச் சோதிக்கலாமா?

8 வோல்ட் உங்களைத் தாக்காது என்பது உண்மை. ஆனால் அதன் பின்னால் நிற்கும் பெரிய மின்தேக்கிகள் ஒரு கணத்தில் மிகப் பெரும் மின்னோட்டத்தைத் தரவல்லவை. மோதிரமோ கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டையோ குறுக்கே பட்டால் அது பழுக்கக் காய்ந்து தோலைப் பொசுக்கும். நகைகளைக் கழற்றிவிடுங்கள்.

திரையோடு சேர்ந்த கணினியில் உள் வயரிங்கைப் பார்க்க வேண்டும். என்ன செய்வது?

1984-இன் மக்கின்டோஷ் போன்றவற்றில் படக்குழாயின் கண்ணாடியே ஒரு மின்தேக்கியாக நின்று, பிளக்கை உருவிய பிறகும் பல்லாயிரம் வோல்ட்டை வைத்திருக்கக்கூடும். அதை வடிப்பதை ஏற்கெனவே செய்து பழகியவர் அருகில் நின்று காட்டும்போதே கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தில் படித்துச் செய்யாதீர்கள். நிலைமின் கைப்பட்டையை (உடலை எர்த்துடன் இணைக்க மணிக்கட்டில் கட்டும் பட்டையை) அப்போது அணியக் கூடாது. மூடியைத் தூக்கும்போது குழாயின் கழுத்தில் இடித்துவிடாமல் நேராகத் தூக்குங்கள்.

பேட்டரி கசிந்த கணினி. பலகையைச் சுத்தம் செய்துவிட்டேன், ஒயர்களையும் மாற்ற வேண்டுமா?

பேட்டரிக்கு அருகிலுள்ளவற்றை மாற்றுங்கள். அமிகா 2000 போன்றவற்றில் உள்ள நிக்கல்-காட்மியம் பேட்டரியின் காரம், ஒயரின் காப்புறைக்குள்ளேயே ஊர்ந்து செல்லும். வெளியே உறை பளபளப்பாக இருக்கும். நுனியில் ஒரு சென்டிமீட்டர் உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் அதில் சாலிடர் ஒட்டாது. செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போகலாம், ஆனால் பெரும்பாலும் அதற்குள் ஒயரே தீர்ந்துவிடும்.