ரெஜிஸ்ட்ரி அனுமதியை மாற்றினேன், ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை

கேள்வி: நீக்கிவிட்ட பிரிண்டர் மென்பொருளின் மிச்சம், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருந்தது. அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. கணினி முழுவதற்குமான அமைப்புகள் உள்ள ஹெச்கீ லோக்கல் மெஷின் பகுதியின் அனுமதிகளைத் திறந்து, என் பெயரையும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்கினேன். கீழே உள்ள எல்லாக் கீகளுக்கும் (ஃபோல்டர் போன்ற பிரிவுகள்) இதையே பொருத்தும்படி கொடுத்தேன். கணினியை மறுபடி தொடங்கியதும் வைஃபை இணையவில்லை, ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை. முன்பே ரெஜிஸ்ட்ரியை நகலெடுத்து வைத்திருந்த ரெக் கோப்பை ஏற்றியும் பயனில்லை. எவ்ரிஒன் என்பதற்கு முழு அனுமதி கொடுத்தேன். இணையம் வந்தது, ஸ்டார்ட் மெனு வரவில்லை. இனி என்ன செய்வது?

பதில்: முதல் வேலை, ரெஜிஸ்ட்ரி எடிட்டரை மூடுங்கள். இனி ஒரு அனுமதியைக்கூடக் கையால் மாற்ற வேண்டாம்.

உங்கள் ரெக் கோப்பில் தவறில்லை. அதில் கீகளும் மதிப்புகளும் மட்டுமே இருக்கும். யாருக்கு என்ன அனுமதி என்பது அதில் பதிவாவதே இல்லை. இது பலருக்குத் தெரியாததால்தான் பேக்கப் இருக்கிறதே என்ற தைரியத்தில் கை வைத்துவிடுகிறார்கள்.

இணையம் மட்டும் திரும்பி வந்ததற்கும் காரணம் உண்டு. பின்னணியில் ஓடும் விண்டோஸின் பல சர்வீஸ்கள் உங்கள் பெயரில் இயங்குவதில்லை. லோக்கல் சர்வீஸ், நெட்வொர்க் சர்வீஸ் என்ற தனிக் கணக்குகளில் இயங்குகின்றன. வைஃபைக்கு ஐபி முகவரி வாங்கித் தரும் டிஹெச்சிபி கிளையன்ட் அப்படிப்பட்டதுதான். நீங்கள் பட்டியலைச் சுருக்கியதும் அவற்றால் தங்கள் அமைப்புகளையே படிக்க முடியவில்லை. எவ்ரிஒன் சேர்த்ததும் படிக்க முடிந்தது. ஸ்டார்ட் மெனு போன்றவை வேறு வகை. அவற்றுக்கு ஆல் அப்ளிகேஷன் பேக்கேஜஸ் என்ற பெயரில் தனியாக அனுமதி வேண்டும். எவ்ரிஒன் அதை உள்ளடக்காது. இதைப் படித்துவிட்டு அந்தப் பெயரையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். கீக்குக் கீ அனுமதி வேறுபடும், பலவற்றின் உரிமையாளர் டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் தனிக் கணக்கு. பல ஆயிரம் கீகளை நினைவிலிருந்து சரிசெய்ய யாராலும் முடியாது. தவிர, எவ்ரிஒன்னுக்கு முழு அனுமதி இருக்கும்வரை எந்தத் தீய நிரலும் அங்கே எழுதலாம்.

சரி, வழி என்ன? முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். ஸ்டார்ட் மெனு இல்லாவிட்டாலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். புதிய டாஸ்க் என்பதில் எக்ஸ்ப்ளோரரைத் திறக்கலாம்.

அப்புறம் சிஸ்டம் ரீஸ்டோர், அதாவது விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் வசதி. அனுமதி மாற்றிய நாளுக்கு முந்தைய ரீஸ்டோர் பாயின்ட் (அன்றைய நிலையின் பதிவு) ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அது ரெஜிஸ்ட்ரி கோப்புகளையே பழையபடி வைப்பதால் அனுமதிகளும் கூடவே திரும்பும். இதை விண்டோஸுக்குள் இருந்து செய்யாதீர்கள், அதற்கான சர்வீஸ்களே அடிபட்டிருக்கலாம். உள்நுழையும் திரையில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாகப் போனால் சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரிகவரி கீ என்ற நீண்ட எண்ணைக் கேட்கும். முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரீஸ்டோர் பாயின்ட் இல்லையா? ரெஜிஸ்ட்ரி நகல்களுக்கான ரெக்பேக் ஃபோல்டரில் தேட வேண்டாம்; விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அங்கே தானாக நகல் எடுப்பது நின்றுவிட்டது. எஸ்எஃப்சி ஸ்கேன் சிஸ்டம் கோப்புகளைத்தான் பார்க்கும், ரெஜிஸ்ட்ரி அனுமதிகளை அல்ல. உங்களுக்கு மிஞ்சுவது பழுதுநீக்கும் மறுநிறுவல். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதே மொழி, அதே எடிஷன் ஐஎஸ்ஓவை (விண்டோஸ் நிறுவல் கோப்பு) இறக்கி, இயங்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பைத் தொடங்குங்கள். யுஎஸ்பியிலிருந்து பூட் செய்தால் கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு கிடைக்காது. செட்டப்பே அனுமதி மறுப்பில் நின்றுவிட்டால் ரீசெட்தான். கோப்புகளை வைத்துக்கொள்ளலாம், நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்.

அந்தப் பிரிண்டர் கீயை அப்படியே விட்டுவிடுங்கள். மென்பொருள் போன பின் கிடக்கும் ஒற்றைக் கீ கணினியை மெதுவாக்காது. கட்டாயம் அழித்தே ஆக வேண்டுமென்றால் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்கிவிட்டு, அந்த ஒரு கீயின் அனுமதியை மட்டும் மாற்றி அழியுங்கள்.