54 நிமிஷமா ஒன்றுமே நடக்கவில்லையே!

இரண்டு இதழ்களுக்கு முன்னால், இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் 'ரிஃப்ளெக்‌ஷன்' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று போகிறபோக்கில் ஒரு பதிலில் சொல்லியிருந்தேன். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, 54 நிமிஷத்துக்கு ஒரே டிராக், முழுக்க மின்னணு இசை என்று எச்சரித்தும் வைத்திருந்தேன். அப்படியும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திட்டுதான். ரசித்தவர்களும் இருக்கிறார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. இந்த இதழில் முழு இடமும் இந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: ஒரு மணி அடிக்கிறது, அடங்குகிறது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு மணி. பத்து நிமிஷம் பொறுத்தேன், இருபது நிமிஷம் பொறுத்தேன், பாட்டு ஆரம்பிக்கவே இல்லை. எங்களை வைத்துக் காமெடி பண்ணவில்லையே? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: சத்தியமாக இல்லை. ஆனால் நீங்கள் எப்படிக் கேட்டிருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, சபாவில் முன்வரிசை கிடைத்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இந்த இசைக்கு அந்த மரியாதையே ஆகாது.

1975 தொடக்கத்தில் லண்டனில் ஈனோவை ஒரு டாக்ஸி இடித்துவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடந்தவரைப் பார்க்க வந்த தோழி, பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு இவர் எப்படியோ தட்டுத் தடுமாறி எழுந்து அதைப் போட்டுவிட்டு வந்து படுத்தால், சத்தம் ரொம்பக் குறைவு, அதிலும் ஒரு ஸ்பீக்கர் பக்கம் வேலையே செய்யவில்லை. திரும்ப எழுந்துபோய்ச் சரிபண்ண உடம்பில் தெம்பில்லை. சரி என்று விட்டுவிட்டார். மழைச் சத்தம், அறை வெளிச்சம், அதற்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழும் ஹார்ப். இசையை இப்படியும் கேட்கலாமே என்று அன்றைக்குத்தான் தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த வருஷமே 'டிஸ்க்ரீட் மியூசிக்' ஆல்பம் வந்தது. 1978-ல் வந்த ஆல்பத்தின் பெயரிலேயே 'ஆம்பியன்ட்' (சூழலோடு கலந்தது) என்ற சொல்லை வைத்தார், இன்றைக்கு அது ஒரு இசை வகைக்கே பெயராகிவிட்டது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நானும் உங்களைப்போல உட்கார்ந்து கேட்டு, எரிச்சலாகி நிறுத்தினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போனில் சின்னதாக ஓடவிட்டேன். அடியில் ஒரு கனமான சுரம் விடாமல் நிற்கிறது, அதன்மேல் மணி விழுகிறது, அடங்குகிறது, இன்னொன்று விழுகிறது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த அடிச் சுரம் டக்கென்று நின்றுபோனது. பார்த்தால், நின்றது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்! அரைமணி நேரமாக அதையும் ஆல்பத்தில் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இந்த ஆல்பம் பிடிபட்டது. நீங்களும் கீரை ஆயும்போது போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆளைத் தூங்கவைக்கிற ஆல்பத்துக்கு கிராமி பரிந்துரையா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: 2018-ல் நியூ ஏஜ் (மனதை அமைதிப்படுத்தும் மெல்லிசை) பிரிவில் பரிந்துரையானது. பரிசு வேறு ஆல்பத்துக்குப் போய்விட்டது, நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். தூங்கவைப்பது இசைக்கு எப்போதிலிருந்து குறையானது என்றுதான் எனக்குப் புரியவில்லை. நீலாம்பரியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இவருடைய 'நெரோலி' ஆல்பத்தைப் பிரசவ வார்டுகளில்கூடப் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: நீங்கள் சொல்லும் ஆளை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பெயர்தான் தெரியாது, இசை தெரியும். விண்டோஸ் 95 போட்ட கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வருமே ஒரு ஆறு விநாடிச் சத்தம், அது இவருடையதுதான். அதற்காக 84 சின்னச் சின்னத் துண்டுகள் செய்து பார்த்தாராம். வேடிக்கை என்னவென்றால் அதைச் செய்தது மேக் கம்ப்யூட்டரில். எழுபதுகளின் தொடக்கத்தில் ராக்ஸி மியூசிக் என்ற ராக் குழுவில் பளபள உடையோடு சின்தசைசர் திருகிக்கொண்டிருந்தவர், பிறகு பாடகர் டேவிட் போவியோடு வேலை செய்தார், யூ2 ராக் குழுவுக்குத் தயாரிப்பாளராகவும் இருந்தார். 1948-ல் பிறந்தவர்.

கேள்வி: இந்த இசையை அவர் வாசிக்கவே இல்லை, கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொள்கிறது என்கிறான் என் மகன். இதற்கு எதற்கு ஒரு இசையமைப்பாளர்? இதுவும் ஏஐதானா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: பாதி சரி. ஏஐ இல்லை. இந்த வேலையை அவர் ஆரம்பித்தபோது கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை, வெறும் டேப்தான். 1978-ல் வந்த 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பத்தில் குரல்கள் மட்டும் வரும் ஒரு பகுதி உண்டு. ஆளுக்கு ஒரு சுரம் நீட்டிப் பாடியதைப் பதிந்து, டேப்பை வெட்டி, நுனியோடு நுனி ஒட்டி வளையமாக்கிச் சுற்றவிட்டார். ஒரு வளையம் சுற்றிவர 23½ விநாடி, இன்னொன்றுக்குக் கிட்டத்தட்ட 26, வேறொன்றுக்குக் கிட்டத்தட்ட 30. வளையங்கள் அவ்வளவு நீளம் என்பதால் ஸ்டூடியோவில் இருந்த அலுமினிய நாற்காலிகளின் காலைச் சுற்றிக் கொண்டுபோய்த் திருப்பிவிட வேண்டியிருந்ததாம்.

ராத்திரி நேரத்தில் மூன்று மாட்டு வண்டி முன்னும் பின்னுமாகப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு நடை, ஒவ்வொரு கழுத்து மணிக்கும் ஒரு சத்தம். சில நேரம் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும், சில நேரம் ஒன்றை ஒன்று துரத்தும், சில நேரம் எல்லாம் ஓய்ந்து சும்மா இருக்கும். யாரும் எழுதிவைத்த மெட்டு இல்லை. ஆனால் எந்த மாட்டுக்கு எந்த மணியைக் கட்டுவது என்று ஒருவர் முடிவு பண்ணியிருக்கிறார் இல்லையா, அவர்தான் இங்கே இசையமைப்பாளர். 'ரிஃப்ளெக்‌ஷன்' அதே சமாச்சாரம்தான், டேப்புக்குப் பதில் மென்பொருள். இத்தனை சுரத்துக்கு ஒருமுறை ஒன்றை மேலே தூக்கு என்கிற மாதிரி விதிகளை எழுதிவைத்து ஓடவிடுகிறார். பிடிக்காவிட்டால் விதியைத் திருத்தி மறுபடி ஓடவிட்டு, மறுபடி கேட்டு, மறுபடி திருத்தி... வாசிப்பதைவிட அது லேசான வேலை என்று உங்கள் மகன் நினைத்தால் ஒருநாள் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன். மெல்ல ஓடவிட்டு வேலை பார்த்தேன். கடைசி ஃபாரத்தை முடித்து நிமிர்ந்தபோதுதான், இசை நின்றுபோய் ரொம்ப நேரமாகிவிட்டது என்றே தெரிந்தது. இது பாராட்டா, குறையா? (ஒரு வாசகர், சிவகாசி)

பதில்: ஈனோ காதில் விழுந்தால் உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். கவனித்துக் கேட்டாலும் சுவாரசியமாக இருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் உறுத்தக் கூடாது என்பதுதான் அவர் 1978-லேயே வைத்த இலக்கணம்.

கேள்வி: ஆல்பத்தோடு ஆப்பும் (செயலி) இருக்கிறதாமே, வாங்கலாமா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: 2017 ஜனவரி 1-ஆம் தேதி ஆல்பம் வந்தபோது ஆப்பும் கூடவே வந்தது, ஆப்பிள் சாதனங்களுக்கு மட்டும். அப்போது விலை சுமார் 31 டாலர். ஒரு ஆப்புக்கு இவ்வளவா என்று அப்போதே ஆளாளுக்குத் திட்டினார்கள், நானும் வாங்கவில்லை, நண்பர் வீட்டில்தான் கேட்டேன். அதில் இசைக்கு முடிவே கிடையாது. காலையில் கொஞ்சம் வெளிச்சமான சுரங்கள், பிற்பகலில் மெதுவாக மாறி மாலையில் ஆல்பத்தில் இருக்கிற ஆதார சுருதிக்கு வந்து சேரும், நள்ளிரவுக்கு மேல் சுரங்கள் குறைந்து நடையும் தளர்ந்துவிடும். பூபாளத்தை விடியலில் பாடுகிற ஊரில் இதைப் புரியவைக்க மெனக்கெட வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பதைப்போல என்று ஈனோ இதைச் சொல்கிறார். அப்படியானால் ஆல்பம் அந்த ஆற்றில் மொண்டு வந்த ஒரு குடம் தண்ணீர். எனக்குக் குடமே போதும்.

கேள்வி: நாற்பது வருஷத்துக்கும் மேலாக இதையேதானே செய்கிறார்? 68 வயதில் போட்ட இந்த ஆல்பத்தில் புதிதாக என்ன சொல்லிவிட்டார்? ஈனோ என்றாலே எல்லோரும் எழுந்து நின்று கும்பிடுகிறீர்கள். (ஒரு வாசகர், சென்னை)

பதில்: நான் எழுந்து நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால், 'ரிஃப்ளெக்‌ஷன்' அவருடைய ஆம்பியன்ட் ஆல்பங்களில் எனக்கு மூன்றாவது இடம்தான். 'ஏர்போர்ட்ஸ்' தொடக்கத்தில் வரும் பியானோவை ஒருமுறை கேட்டால் பல் தேய்க்கும்போது வாய் முணுமுணுக்கும். இதில் முணுமுணுக்க ஒன்றுமே இல்லை, நடுவில் ஒரு இருபது நிமிஷம் தொய்ந்தும் போகிறது. 1985-ல் வந்த 'தர்ஸ்டே ஆஃப்டர்நூன்' இதைவிடப் பிரமாதம். 61 நிமிஷம் இடைவெளியே இல்லாமல் ஓடுகிற ஒரே துண்டு. எல்பி தட்டு என்றால் பாதியில் எழுந்து திருப்பிப் போட வேண்டுமே, அதனால் அப்போது புதிதாக வந்திருந்த சிடிக்கென்றே அளவெடுத்துச் செய்தது. ஆனால் புதிதாக என்ன என்கிற கேள்வி ஒரு வயதுக்குமேல் எல்லாக் கலைஞர்களிடமும் கேட்கத்தக்கதுதானா என்று எனக்குச் சந்தேகம். இட்லிக் கடைக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

கேள்வி: நான் பாட்டு டீச்சர். எங்கள் வீட்டு சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டால் இதைவிட அருமையாக இருக்குமே சார், இதற்கு எதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும்? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: வந்ததிலேயே என்னை ரொம்ப நேரம் யோசிக்கவைத்த கடிதம் உங்களுடையதுதான். இரண்டு நாள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். சுருதி ஒலிக்க ஆரம்பித்தால் அடுத்து யாரோ தொண்டையைச் செருமிவிட்டுப் பாடப்போகிறார் என்று காது காத்திருக்கிறது, நம் பழக்கம் அப்படி. 'ரிஃப்ளெக்‌ஷனில்' யாரும் வரப்போவதில்லை என்பது கொஞ்ச நேரத்திலேயே காதுக்குத் தெரிந்து, அது காத்திருப்பதை விட்டுவிடுகிறது. அப்புறம் ஸ-ப-ஸ என்று நிற்காமல், எதிர்பாராத இடத்தில் ஒரு சுரம் தள்ளிப்போய் விழுந்து, இது சரியா தப்பா என்று கொஞ்சம் கலங்கடித்துவிட்டு அடங்குகிறது. பெட்டி அந்த மாதிரி விளையாடினால் நீங்கள் ரிப்பேருக்குக் கொடுத்துவிடுவீர்கள்! மற்றபடி, நல்ல தம்புரா ஒன்றை யாராவது மீட்டிக்கொண்டே இருந்தால் நான் ஈனோவை மறந்துவிடுவேன், அதில் உங்கள் கட்சிதான்.

கேள்வி: அடுத்த இதழிலாவது தாளம் இருக்கிற மாதிரி ஒன்றைச் சொல்வீர்களா? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: தவில். போதுமா?