யாரும் திட்டவில்லை என்றால் அது இனவாதம் ஆகாதா?

வணக்கம் ஐயா. மலேசியாவில் தோட்டப்புறத்திலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போகும் உங்கள் மகனை ஒரே மாதத்தில் நான்கு முறை சாலைத் தடுப்பில் நிறுத்திச் சோதித்தார்கள், ஆனால் ஒருவரும் தகாத சொல் பேசவில்லை, இதை இனவாதம் எனலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரு காவலரின் மனத்தில் வெறுப்பு உண்டா என்பது மட்டுமே கேள்வியன்று. 1993இல் லண்டனில் கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் கொல்லப்பட்டதைக் காவல்துறை விசாரித்த விதத்தை ஆராய்ந்த மெக்பர்சன் அறிக்கை, நிறம், பண்பாடு, இனம் காரணமாக மக்களுக்கு உரிய சேவையை வழங்க ஒரு நிறுவனம் கூட்டாகத் தவறுவதையே நிறுவன இனவாதம் என்று 1999இல் வரையறுத்தது. அறியாமையும் யோசியாத பழக்கமுமே அதற்குப் போதும். தோட்டம் விற்கப்பட்டு டவுன் ஓரத்தில் ஒதுங்கிய தமிழ்க் குடும்பத்துப் பையனை முதற்பார்வையிலேயே ‘குண்டர்’ என்று எண்ணுவதும், வாடகை வீட்டு விளம்பரத்தில் இனத்தைக் குறிப்பிடுவதும் ஒரே வேரின் கிளைகள் என்பது என் கருத்து.

ஆயினும் நான்கு சோதனைகள் மட்டுமே சான்றாகிவிடா. நாள், நேரம், இடம், அங்கு வேறு யாரை நிறுத்தினார்கள், யாரை விட்டார்கள் என்பதைக் குறித்து வையுங்கள். மைக்கார்டு எனும் அடையாள அட்டையைக் கேட்டால் மகன் வாதாடாமல் காட்டட்டும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பதும், உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள விட வேண்டும் என்பதும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவில் உள்ளன. குறிப்புகள் சேர்ந்தபின், 2023 ஜூலை முதல் இயங்கும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்திடம் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம்.