வாகன வாசல்: கேள்வி – பதில்

கேள்வி: பஜாஜ் டாமினார் 400, சுஸுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250, ஹீரோ கரிஸ்மா எக்ஸ்எம்ஆர் மூன்று பைக்குகளில் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். தினமும் தேவகோட்டைக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை கொடைக்கானல், ஒருமுறை மூணாறு. வாரக் கடைசியில் ஆத்தாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குன்றக்குடி. எது சரி?
– காரைக்குடி வாசகர்

கொடைக்கானலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். தேவகோட்டைக்குப் போய்வர நாளுக்குச் சுமார் 40 கி.மீ. மாதம் 25 நாள் என்றால் 1,000 கி.மீ., ஆண்டுக்கு 12,000. இரண்டு மலைப் பயணமும் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் ஷோரூமில் நிற்கும்போது எல்லோருக்கும் கண்முன் வருவது மலைதான்.

டாமினார் 373.3 சி.சி., 40 பிஎஸ் திறன், எடை 193 கிலோ. ஜிக்ஸர் 249 சி.சி., 26.5 பிஎஸ், 161 கிலோ. கரிஸ்மா 210 சி.சி., 25.5 பிஎஸ், 163.5 கிலோ. திறனில் டாமினார் தனி ஜாதி. இரண்டு பேர், இரண்டு பை, எதிரே லாரி என்ற நிலையில் ஓவர்டேக் செய்ய அந்தக் கூடுதல் 14 பிஎஸ் நிஜமாகவே கைகொடுக்கும். ஆனால் நான்குவழிச் சாலையிலேயே இருசக்கர வாகனத்துக்குச் சட்டம் தரும் வேகம் 80 கி.மீ.தான். அந்த வேகத்தில் மூன்றுமே முனகாமல் ஓடும்.

வித்தியாசம் தெரிவது உங்கள் ஊர் கல்லுக்கட்டிக் கடைவீதி நெரிசலில். டாமினார் மாதிரிப் பெரிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினை மேல் கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் உருட்டினால் செயின் அடித்துக்கொண்டு உதறும். அதனால் இரண்டாம் கியர், கிளட்ச், மறுபடி கிளட்ச் என்று ஓட்ட வேண்டியிருக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தால் சூடான காற்று முழங்காலில் வீசும். சித்திரை மாதத்தில் இதை ஒருநாள் அனுபவித்தால் போதும். கரிஸ்மாவும் வாட்டர் கூலிங்தான், எஞ்சின் சிறியது என்பதால் சூடும் குறைவு. ஜிக்ஸருக்கு ரேடியேட்டர் தண்ணீரே கிடையாது, எஞ்சின் ஆயில்தான் குளிரூட்டுகிறது. கூலன்ட் மாற்றும் வேலையும் ஹோஸ் கசியும் கவலையும் இல்லை. பதிலுக்கு ஆயில் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை வண்டியை நேராக நிறுத்தி அளவைப் பாருங்கள்.

பெட்ரோல் கணக்கு: டாமினார் லிட்டருக்கு 26, ஜிக்ஸர் 36 என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,000 கி.மீ.க்கு 38 லிட்டருக்கு எதிராக 28 லிட்டர். பத்து லிட்டர் வித்தியாசம், அதாவது ஆயிரம் ரூபாய்க்கு மேல். டேங்க் டாமினாருக்கு 13, ஜிக்ஸருக்கு 12, கரிஸ்மாவுக்கு 11 லிட்டர்.

350 சி.சி. என்ற கோட்டையும் மறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு உட்பட்ட பைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் அப்படியே. 2022இல் வந்த கட்டணப்படி புது வண்டிக்கு ஐந்தாண்டுக்குச் சேர்த்து 150க்கு மேல் 350 சி.சி. வரை ரூ.7,365, அதற்கு மேல் ரூ.15,117. ஷோரூமில் ஆன்-ரோடு விலையைத்தான் கேட்க வேண்டும்.

ஆத்தா விஷயம்தான் முக்கியம். சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருகிறவர் என்றால், ஜிக்ஸர், கரிஸ்மா இரண்டின் பின்சீட்டும் உயரம், குறுகலும்கூட. டாமினாரின் பின்சீட் அகலம். அவரையே ஷோரூமுக்கு அழைத்துப்போய் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். சாரி கார்டு பொருத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆத்தா சரி என்றால் ஜிக்ஸர்தான் என் தேர்வு. முடியாது என்றால் பேச்சே இல்லை, டாமினார். கரிஸ்மா மோசமில்லை. விண்ட் ஷீல்டை ஏற்றி இறக்கலாம், ஹீரோவின் சர்வீஸ் சின்ன ஊரிலும் கிடைக்கும். உயரம் குறைந்தவர் மட்டும் 810 மி.மீ. சீட்டில் கால் ஊன்றிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. 193 கிலோ டாமினாரை முகப்பு வரை ஏற்ற முடியுமா?
– கானாடுகாத்தான் வாசகர்

முடியும், சரிவுப் பலகை நீளமாக இருந்தால். படி ஒன்று அரை அடி என்றால் மொத்த உயரம் ஒன்றரை அடி. பலகை ஏழரை அடிக்குக் குறையக் கூடாது. ஐந்துக்கு ஒன்று என்ற அந்தச் சரிவில் 193 கிலோ வண்டியைத் தள்ள 38 கிலோ அளவுக்கு விசை வேண்டும். 161 கிலோ வண்டிக்கு 32. பலகையை நாலடியாகச் சுருக்கினால் இது ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். பிளைவுட் வேண்டாம், நடுவில் வளையும். ஒரு அடி அகலச் செக்கர்டு பிளேட்டுக்கு (மேலே புடைப்புகள் உள்ள இரும்புத் தகடு) அடியில் இரண்டு ஆங்கிள் வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். மேல் முனையில் கொக்கி மாதிரி ஒரு மடிப்பு இருந்தால் படியிலிருந்து நழுவாது.

ஏற்றும்போது வண்டிக்கு இடப்பக்கம் நின்று, முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு எஞ்சினையே ஏற வையுங்கள். பின்னால் ஒருவர் பிடிக்க வேண்டும். இறக்கும்போது எஞ்சினை அணைத்து, கியரில் வைத்து, பின்னோக்கிக் கிளட்சை விட்டு விட்டு இறக்குங்கள், கிளட்சே பிரேக் ஆகிவிடும். முன்பிரேக்கை மட்டும் நம்பினால் சரிவில் முன்சக்கரம் வழுக்கும். உச்சியில் வண்டியின் அடிப்பகுதி உரசினால் சரிவு கூர்மையாக இருக்கிறது என்று அர்த்தம், பலகையை இன்னும் நீட்டுங்கள்.

ஏற்றியபின் ஆத்தங்குடிக் கல்லின் மேல் சைடு ஸ்டாண்டை நேரடியாக ஊன்றாதீர்கள். சிமென்ட் கல் அது, ஆயில் சொட்டினால் உறிஞ்சிக்கொள்ளும், கறை போகாது. ஸ்டாண்டுக்கு ஒரு பலகைத் துண்டு, செயினுக்குக் கீழே பழைய அட்டை.

கேள்வி: 8,000 கி.மீ. தான் ஓடியிருக்கிறது, செயின் கரகரவென்கிறது. வாரா வாரம் பெட்ரோல் ஊற்றிச் சுத்தம் செய்கிறேனே?
– திருப்பத்தூர் வாசகர்

அதுதான் காரணம். செயினின் ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது, உள்ளே கிரீஸை அடைத்துவைப்பது அதுதான். பெட்ரோல் ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். கிரீஸ் போன இடத்தில் நம்ம ஊர் செம்மண் புழுதி புகுந்தால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான்.

மண்ணெண்ணெயில் நனைத்த நைலான் பிரஷால் தேய்த்து, உடனே துணியால் துடைத்து, இ.பி. 90 கியர் ஆயிலை உள்பக்க வரிசையில் விடுங்கள். ஓட்டி வந்த சூட்டில் செய்தால் நன்றாக இறங்கும். ராத்திரி விட்டுக் காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். 500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே. எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயின் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விரல் போய்விடும், ஐயா. கையால் சக்கரத்தைச் சுற்றியே செய்யுங்கள்.

செயினின் தொய்வு எவ்வளவு இருக்கலாம் என்பது, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும். சக்கரத்தைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். இறுக்கி வைப்பது நல்லது என்று நினைக்காதீர்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் செயின் இன்னும் இறுகி, கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) கடைசிப் பல்லில் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிகிறதா? முன்னும் பின்னும் ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்து செட்டாக மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும்.

கேள்வி: கவாஸாகி பைக்குகளில் நின்ஜா 1000எஸ்எக்ஸ், வெர்ஸிஸ் 650 – நம்ம ஊருக்கு எது?
– தேவகோட்டை வாசகர்

வெர்ஸிஸ். 219 கிலோ, 21 லிட்டர் டேங்க், முன் சஸ்பென்ஷனுக்கு 150 மி.மீ. ஏற்ற இறக்கம். கிராமத்துத் தார்ச்சாலைப் பள்ளங்களுக்கு அதுதான் பதில். நின்ஜாவின் 1,043 சி.சி. நான்கு சிலிண்டரும் 190 அளவுப் பின்டயரும் அருமைதான், டயர் மாற்றும் பில்லைப் பார்க்கும் வரை.

கேள்வி: பைக் ஊரில், நான் வெளிநாட்டில். பிள்ளையார் நோன்புக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும் வருவேன். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் ஆவதில்லை.
– புதுவயல் வாசகர்

பாட்டரி தீர்ந்திருக்கும். வண்டி நின்றிருந்தாலும் மீட்டரும் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். புறப்படும் அன்று நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், வந்ததும் கடைசியாக மாட்டுங்கள். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2க்குக் கீழே போனால் சார்ஜர் வேண்டும். கார் மெக்கானிக்கின் பெரிய சார்ஜர் வேண்டாம், 8 ஆம்பியர்-ஹவர் பாட்டரிக்கு 1 ஆம்பியர் போதும்.

டேங்கை நிரப்பிவிட்டுப் போங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே ஈரம் சேர்வதும் குறையும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நாலு மாதம் கழித்து வந்தால் பழையதில் பாதியைத் தீர்த்துப் புதுசு நிரப்புங்கள். டயரில் காற்றைக் கூடுதலாக 5 பிஎஸ்ஐ ஏற்றி, முடிந்தால் இரண்டு சக்கரமும் தரையில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, அதில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டித் தொங்கவிடுங்கள். அடைத்ததை மறந்து ஸ்டார்ட்டரை அழுத்துவோர்தான் அதிகம். வீட்டுக்குள் இரண்டாம் கட்டில் நிறுத்தினால் எலி வரும், ஒயரிங் இன்சுலேஷன் அதற்குப் பலகாரம். சீட்டுக்கு அடியில் நாலு நாப்தலின் உருண்டையை ஒரு சின்னத் துணியில் முடிந்து வையுங்கள்.