ஜிடால் ஏற்ற 3,000 ரூபாயா?

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். முதுகலை இறுதியாண்டு. எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்த பரப்பை சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிடுவதுதான் என் ப்ராஜெக்ட். அந்தப் படங்களைப் படிக்க ஜிடால் என்ற மென்பொருள் வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் பைத்தானின் பிப் நிறுவி வழியாக அதை ஏற்றினால், ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் 14.0 தேவை’ என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றுவிடுகிறது. தெருமுனை ப்ராஜெக்ட் சென்டரில் 3,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் லேப்டாப்பிலும் குறையில்லை, உங்களிடமும் குறையில்லை.

ஜிடால் என்பது பைத்தானில் எழுதியதே அல்ல. 1998இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கிய, சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதிய பெரிய நிரல் நூலகம் (லைப்ரரி). பிப்பிடம் கேட்டால் அரைத்த மாவு வராது. உளுந்தை மட்டும் கொடுத்துவிட்டு, அரிசி உங்கள் வீட்டில் ஊறிக்கொண்டிருக்கும் என்று அதுவாக நினைத்துக்கொள்ளும். அந்தச் சிவப்பு எழுத்து சொல்வது ‘கிரைண்டர் இல்லை’ என்பதை மட்டும்தான். அதை நம்பிப் பல ஜிபி இறக்கி விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ்ஸைப் போட்டாலும் அடுத்த பிழை காத்திருக்கும், ஏனென்றால் அரிசி, அதாவது ஜிடாலின் அந்த சி ப்ளஸ் ப்ளஸ் நூலகம், இன்னும் வரவில்லை. மாணவர்களின் டேட்டாவும் இரவுத் தூக்கமும் இப்படித்தான் போகின்றன. உண்மைக் காரணத்தைச் சொல்லாத ஒரு செய்தியை இத்தனை ஆண்டுகளாக அப்படியே விட்டுவைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது அந்த சென்டர்காரர் என்ன செய்வார் என்று சொல்கிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்திலிருந்து கிறிஸ்டோஃப் கோல்கே என்பவர், விண்டோஸுக்கான ‘வீல்’ கோப்புகளை, அதாவது அரைத்த மாவை, பல ஆண்டுகள் இலவசமாகவே கொடுத்துவந்தார். ஆய்வகத்துக்கான நிதி நின்றதால் 2022இல் அந்தப் பக்கமும் நின்றது. அன்று இறக்கிய பழைய கோப்புகள்தான் இன்றைக்கும் பென்டிரைவில் ஊர் சுற்றுகின்றன. அவை பைத்தான் 3.7க்கானவை என்றால் உங்கள் பைத்தானில் ஏறாது. உடனே உங்கள் பைத்தானைத் தூக்கிவிட்டு 3.7ஐப் போடுவார்கள். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஜூனோடு முடிந்துவிட்டன. அன்றைக்கு வேலை செய்யும், பணத்தைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். அடுத்த மாதம் வேறொரு லைப்ரரி தேவைப்படும்போது அது 3.7இல் ஏற மறுக்கும். மறுபடியும் அதே கடை வாசல். போதாததற்கு, யார் கை வைத்தது என்றே தெரியாத வீல் கோப்புக்குள் எந்த நிரலும் ஒளிந்திருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மினிஃபோர்ஜ் என்பதை இறக்குங்கள், இலவசம். அரைத்த மாவாகவே கொண்டுவந்து தரும் கோண்டா என்ற நிறுவி அதனுடனேயே வரும். ‘எனக்கு மட்டும்’ என்ற தேர்வில் போட்டால் அட்மின் பாஸ்வேர்டு கேட்காது. போடும் ஃபோல்டர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம். பிறகு மினிஃபோர்ஜ் ப்ராம்ப்டைத் திறந்து, கோண்டாவில் புதிதாக ஒரு என்விரான்மென்ட், அதாவது தனி அறை போன்ற ஒரு பைத்தான், உருவாக்குங்கள். பைத்தான் 3.12, ஜிடால், படங்களைத் திறக்கும் ராஸ்டீரியோ, எல்லைக்கோடுகளைக் கையாளும் ஜியோபாண்டாஸ் நான்கையும் ஒரே கட்டளையில் கேளுங்கள். ஒவ்வொன்றாகப் போடாதீர்கள், ஒரே நேரத்தில் கேட்டால்தான் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் பதிப்புகளை அது தேர்ந்தெடுக்கும். அந்த என்விரான்மென்ட்டுக்குள் போன பிறகு, பிப்பில் ஜிடாலை மறுபடி ஏற்றும் ஆசையே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறை) படிப்பவர்கள் இதில் நாள்கணக்கில் மாட்டுகிறார்கள். வேறு பாடத்துக்காக போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் அதில் வரைபடத் தரவைச் சேமிக்க உதவும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் ஏற்கெனவே போட்டிருக்கிறீர்களா? போஸ்ட்ஜிஐஎஸ் ஏறும்போது, சில சூழல் மாறிகளை (எல்லா நிரல்களும் பார்க்கும் விண்டோஸ் அமைப்புகளை) பதிந்துகொள்ளட்டுமா என்று கேட்கும். எல்லோரும் ‘யெஸ்’ அழுத்துவோம். அதில் ‘ப்ராஜ் லிப்’ என்ற மாறியும் இருந்தால், உங்கள் பைத்தான் தன் சொந்த ஆயத்தொலைவுத் தரவுத்தளத்தை விட்டுவிட்டு, போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் பழையதைப் போய்த் திறக்கும். எல்லாம் சரியாக ஏறியிருக்கும், படமும் திறக்கும். ஆயத்தொலைவை மாற்றும் வரியில் மட்டும் ‘ப்ராஜ் டிபி’ என்ற அந்தத் தரவுத்தளக் கோப்பைப் பற்றிப் புலம்பி நிற்கும். உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பத்து முறை அழித்தாலும் அந்த மாறி அங்கேயேதான் இருக்கும். விண்டோஸின் சூழல் மாறிகள் பட்டியலில் அதைத் தேடுங்கள். மதிப்பை ஒரு தாளில் குறித்துக்கொண்டு நீக்குங்கள். திறந்திருக்கும் ப்ராம்ப்ட், ஜுபிட்டர் எல்லாவற்றையும் மூடித் திறங்கள். பின்னால் போஸ்ட்ஜிஐஎஸ் முரண்டு பிடித்தால் குறித்ததைத் திரும்ப எழுதிவிடலாம்.

சோதிக்க, எண்ணூர்ப் படத்தின் ஒரு பட்டையை ராஸ்டீரியோவில் திறந்து அதன் ஆயத்தொலைவு முறையை அச்சிட்டுப் பாருங்கள். உலகை நெடும்பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் வட சென்னை 44ஆம் வடக்கு மண்டலத்தில் இருப்பதால், அந்த மண்டலத்தின் குறியீட்டு எண்ணான 32644 வர வேண்டும். பிறகு ஜியோபாண்டாஸில் உங்கள் கழிமுக எல்லைக்கோட்டை அதே எண்ணுக்கு மாற்றிப் பாருங்கள். பிழையில்லாமல் மாறினால் சாம்பலை அளக்க ஆரம்பிக்கலாம்.