ஆப்பர்ச்சுனிட்டி, ஆப்பொசிஷன் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா?

கேள்வி இது: "ஆப்பர்ச்சுனிட்டி என்றால் வாய்ப்பு, ஆப்பொசிஷன் என்றால் எதிர்ப்பு. ஆரம்பம் ஒரே மாதிரி இருக்கிறது, பொருள் ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறது? எழுதும்போது ஒரு 'பி'யா, இரண்டு 'பி'யா என்ற குழப்பமும் தீரவில்லை."

கொடைக்கானலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சந்தேகம் எங்கள் வகுப்பில் அடிக்கடி வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தலை ஒன்று, உடம்பு வேறு. இரண்டு சொல்லுக்கும் முன்னால் நிற்பது 'ஓப்' என்ற லத்தீன் முன்னொட்டு. இடத்துக்குத் தக்கபடி அதற்கு 'நோக்கி', 'முன்னால்', 'எதிரே' என்று பொருள். பகை என்ற பொருள் அதில் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. நம் 'எதிர்' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். எதிரி, எதிர்ப்பு என்று அதில் சண்டையும் இருக்கிறது. எதிர்காலம், எதிர்பார்ப்பு, மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைப்பது என்று நல்லதும் இருக்கிறது. முகத்துக்கு நேரே வருவது நல்லதா கெட்டதா என்பதை அடுத்து ஒட்டிக்கொள்ளும் சொல்தான் சொல்லும்.

ஆப்பர்ச்சுனிட்டியில் ஒட்டியிருப்பது 'போர்ட்டுஸ்', அதாவது துறைமுகம். பாய்மரக் கப்பல் ஓட்டிய காலத்தில் கரை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் மட்டும் போதாது, காற்றும் ஒத்துழைக்க வேண்டும். துறைமுகத்தை நோக்கி வீசும் சாதகமான காற்றைக் குறித்த சொல்தான் பிறகு சாதகமான வேளை, வாய்ப்பு என்று விரிந்தது. துறைமுகங்களுக்கென்றே போர்ட்டூனுஸ் என்று ஒரு தெய்வத்தை ரோமானியர்கள் கும்பிட்டார்கள். ரோமில் டைபர் ஆற்றங்கரைப் பக்கம் அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது. இதன் மறுதலையாக ஆங்கிலத்தில் 'இம்பார்ச்சூன்' என்றொரு சொல் உண்டு. துறை கிடைக்காத, வேளை பொருந்தாத என்பதில் தொடங்கி, இன்று ஓயாமல் நச்சரிப்பது என்ற பொருளில் வழங்குகிறது.

ஆப்பொசிஷனில் ஒட்டியிருப்பது 'போனேரே', வைப்பது. எதிரே வைக்கப்பட்டது, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுக்கு ஆப்போசிட்ல கடை என்று சொல்கிறோமே, அதில் என்ன பகை? ஆப்போனென்ட் என்பவரும் முதலில் எதிர்ப்பக்கம் நிற்பவர்தான். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் முகத்துக்கு முகம் பார்த்தபடிதான் உட்காருகிறார்கள். 1826-இல் ஜான் கேம் ஹாப்ஹவுஸ் அங்கே பேசும்போது 'மாட்சிமை தங்கிய மன்னரின் எதிர்க்கட்சி' என்று சொன்னார். அந்தத் தொடர் நிலைத்துவிட்டது. எதிரே இருந்தாலும் அவர்களும் அதே அரசமைப்புக்கு உட்பட்டவர்கள்தான் என்ற பொருள் அதில் இருப்பதால் எனக்கு அந்தத் தொடர் ரொம்பப் பிடிக்கும்.

இந்த இரண்டு சொல்லும் கைகோக்கும் ஓர் இடம் வானியல். எங்கள் ஊரில் 1899 முதல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளின் ஓரப்பகுதியில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது இங்கேதான். அதனாலோ என்னவோ, எங்கள் பிள்ளைகளுக்கு வானத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். வானியலில் ஆப்பொசிஷன் என்றால் பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், நேர் எதிர்ப்பக்கம் ஒரு கோள். செவ்வாய்க்கு இது ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை வரும். மேற்கே சூரியன் விழும் நேரத்தில் கிழக்கே செவ்வாய் எழும்பும், விடியும்வரை வானத்தில் இருக்கும். அந்த நாட்களையொட்டித்தான் பூமிக்கு மிக அருகில் வந்து நன்றாகப் பிரகாசிக்கும். 2025 ஜனவரி 16-ஐ ஒட்டி அப்படி வந்தபோது எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தோம். புனர்பூசத்து இரண்டு நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில், மின்னாமல், செங்கல் நிறத்தில் இருந்தது. அடுத்தது 2027 பிப்ரவரி 19.

செவ்வாய்க்கு விண்கலம் அனுப்ப வேண்டுமென்றால் அந்த நாளுக்குச் சில மாதம் முன்பாக ஏவினால்தான் எரிபொருள் கட்டுப்படியாகும். நம் மங்கள்யான் 2013 நவம்பர் 5-இல் கிளம்பியது. செவ்வாய் சூரியனுக்கு எதிரே வந்தது 2014 ஏப்ரலில். 2003 ஆகஸ்டிலும் அப்படி வந்தது, அதுவும் பல்லாயிரம் ஆண்டுகளில் இல்லாத நெருக்கத்தில். அதற்கு முந்தைய மாதம் நாசா ஏவிய வண்டியின் பெயரே ஆப்பர்ச்சுனிட்டி! 90 செவ்வாய் நாட்களுக்கென்று அனுப்பியது, 2004 ஜனவரியில் இறங்கி 2018 ஜூன் வரை உழைத்தது. ஆப்பொசிஷன் வந்ததால்தான் அந்த ஆப்பர்ச்சுனிட்டி கிளம்ப முடிந்தது என்று சொல்லும்போது, கடைசி பெஞ்சுப் பையன்களும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

'ஓப்' வகையறா இல்லையென்றாலும் 'ரைவல்', அதாவது போட்டியாளர், என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்கள்தான் ரைவல்கள். ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் 533-இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், அப்படிப்பட்டவர்களுக்குள் தண்ணீர்த் தகராறு வந்தால் என்ன செய்வது என்றே பேசப்படுகிறது. இதைச் சொன்னபோது பூம்பாறையிலிருந்து வரும் ஒரு மாணவி, "எங்க ஊர்லயும் அதேதான் மிஸ்" என்றாள். மேல்தட்டுப் பூண்டு வயல்காரர் ராத்திரியே ஓடையில் கருப்பு ஓஸ் போட்டு வைத்துவிடுவாராம். காலையில் கீழ்த்தட்டுக்காரர் போய் ஓஸைப் பிடுங்கிப் போட, முறை யாருடையது என்று பேச்சு ஏறும். சாயங்காலம் அதே இரண்டு பேரும் ஒரே வேனில் மூட்டை ஏற்றி அனுப்புவார்களாம். ரைவலுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

இனி எழுத்துக்கூட்டல். 'ஓப்' என்பதன் கடைசி எழுத்து உண்மையில் 'பேப்பர்' என்ற சொல்லின் 'பி' இல்லை, 'பஸ்' என்ற சொல்லின் 'பி'. அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து அது தன்னை மாற்றிக்கொள்ளும். போர்ட்டுஸ், போனேரே முன்னால் வரும்போது அவற்றின் முதல் எழுத்தாகவே மாறிவிடும். ஆப்பர்ச்சுனிட்டி, ஆப்பொசிஷன், ஆப்ரெஸ் (ஒடுக்குவது) எல்லாவற்றிலும் இரட்டை வருவது அதனால்தான். அக்கேஷன் (தருணம்), அக்கர் (நிகழ்வது) இரண்டிலும் 'சி' இரட்டிப்பதும், ஆஃபர், அஃபெண்ட் இரண்டிலும் 'எஃப்' இரட்டிப்பதும் இதே கதைதான். ஆப்ஜெக்ட், ஆப்ஸ்டக்கிள், ஆப்வியஸ் ஆகியவற்றில் அது மாறாமல் அப்படியே நிற்கிறது.

ஆப்ஷன், ஆப்பரேஷன், ஆப்டிமிசம் இந்தக் குடும்பமே இல்லை. வேறு வேர்கள். அவற்றில் ஒரே ஒரு 'பி'தான்.