போக இரண்டரை மணி, திரும்ப ஐந்தேகால் மணியா?

கேள்வி: துபாயில் வேலை செய்யும் மகனைப் பார்க்க நானும் மனைவியும் பெங்களூரிலிருந்து போகிறோம். காலை 10 மணிக்குப் புறப்பட்டு 12.35-க்குத் துபாய் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது பகல் 2 மணிக்குக் கிளம்பி இரவு 7.15-க்குத்தான் பெங்களூர். "போகிற விமானம் வேகமானது" என்று சொல்லி, ஏஜென்ட் ஆளுக்கு 900 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார். இது சரிதானா?
– காவேரிப்பட்டினம் வாசகர்

பதில்: சரியே இல்லை. அந்த 1,800 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. பென்சிலை எடுத்து, துபாய் நேரத்தின் பக்கத்தில் இந்திய நேரத்தை எழுதிப் பாருங்கள். 12.35 என்பது நமக்கு 2.05. ஆக, போக 4 மணி 5 நிமிடம். திரும்பும்போது 2 மணி என்பது நமக்கு 3.30, எனவே பயணம் 3 மணி 45 நிமிடம்தான். ஏஜென்ட் 'வேகமானது' என்ற விமானம்தான் உண்மையில் கூடுதல் நேரம் எடுக்கிறது!

இரு ஊர்களுக்கும் வான்வழி தூரம் ஏறக்குறைய 2,700 கி.மீ. விமானங்கள் மணிக்கு 850 கி.மீ. அளவில் பறக்கின்றன. பத்துப் பதினோரு கி.மீ. உயரத்தில், குறிப்பாகக் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். போகும்போது அது எதிர்க்காற்று. வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும். தரையில் ஊர்ந்து செல்லும் நிமிடங்களையும் டிக்கெட் நேரத்தில் சேர்த்தே கணக்கிடுவார்கள்.  

ஏஜென்ட் தன் சேவைக்குக் கட்டணம் வாங்கலாம், ஆனால் அதை அப்படியே சொல்லி, ரசீதில் எழுதித் தர வேண்டும். பொய்க் காரணம் சொல்லி வாங்கக் கூடாது. விமான நிறுவனத்தின் தளத்தில் அதே நாள் கட்டணத்தைப் பார்த்து, ரசீதோடு போய்க் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

உங்களுக்கு உண்மையான நெருக்கடி வானில் இல்லை, சாலையில் இருக்கிறது. விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி, பெங்களூருக்கு வடக்கே. நீங்களோ தெற்கிலிருந்து நகரையே கடந்தாக வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 7 மணிக்கே அங்கே இருக்க வேண்டும். வீட்டிலிருந்து பின்னிரவு 3 மணிக்குக் கிளம்பினால் ஓசூர் சாலை காலியாக இருக்கும். திரும்பி வரும் இரவில் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: விமானம் தாமதமானால் சாப்பாடு தருவார்களாமே?
– தருமபுரி வாசகி

பதில்: ஆம். உள்நாட்டுப் பயணத்தில் இது டிக்கெட்டில் உள்ள பயண நேரத்தைப் பொறுத்தது. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் என்றால், இரண்டு மணி நேரத் தாமதத்துக்கே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். பெங்களூர்–சென்னை இதில் அடங்கும். பெங்களூர்–டெல்லி அதைவிட நீண்ட பயணம் என்பதால் மூன்று மணி நேரம் தாமதமாக வேண்டும். நீங்கள் உரிய நேரத்தில் செக்-இன் செய்திருப்பது அவசியம். கவுண்டரில் வாய்விட்டுக் கேளுங்கள்.